சீட்லிங்கும் எங்கள் வீட்டு ஓடும்

1

நான் வேலை பார்க்கும் அறைக்கு சீட்லிங்ஸ் என்று பெயர். மெல்பர்ன் நகரத்தின் மேற்கு ஓரத்தில் இருக்கும் ஒரு குழந்தைகள் காப்பகம் அது. ஒரு வயது முடிந்து இரண்டு வயது நிரம்பாத பதினோரு பிள்ளைகள் அந்த அறையில் எங்கள் மூன்று பேர் பொறுப்பில் இருக்கிறார்கள். கதவில் பச்சைத் தாளில் வெட்டிய இரண்டு இலைகளை ஒட்டியிருப்போம். பிள்ளைகள் அதைப் பிய்த்துத் தின்னப் பார்ப்பார்கள், நாங்கள் வாரம் ஒரு முறை புதிதாக வெட்டி ஒட்டுவோம்.

இரண்டு வயதானால் பிள்ளை அடுத்த அறைக்குப் போக வேண்டும். அந்த அறைக்கு சாப்லிங்ஸ் என்று பெயர், கொஞ்சம் வளர்ந்த மரக்கன்றுகள் என்று அர்த்தம். போவதற்கு முன்னால் ஒரு பாரம் நிரப்ப வேண்டும். தானாகக் கை நீட்டிக் கழுவுகிறதா, பெயர் சொன்னால் திரும்பிப் பார்க்கிறதா, அம்மா விட்டுவிட்டுப் போனபின் எத்தனை நிமிடத்தில் அழுகை நிற்கிறது. கடைசிக் கேள்விக்கு நான் எப்போதும் கொஞ்சம் குறைத்தே எழுதுவேன். ஒரு பாரத்துக்காக அந்தப் பிள்ளையின் அழுகையை ஏன் ஊர் முழுக்கச் சொல்ல வேண்டும் என்று தோன்றும்.

போன மாதம் பலமொழி நாள் என்று ஒன்று வந்தது. எங்கள் மேலாளர் ஒரு பெரிய அட்டையையும் தடித்த பேனாவையும் கொடுத்து, சீட்லிங் என்ற சொல்லை உங்கள் மொழியில் எழுதுங்கள் என்றார். வியட்நாம்காரப் பெண் எழுதிவிட்டாள். பஞ்சாபிப் பெண்ணும் எழுதிவிட்டாள். நான் பேனாவின் மூடியைக் கழற்றியபடி நின்றுகொண்டே இருந்தேன். மேலாளர் இரக்கத்தோடு, "உங்கள் மொழியில் அந்தச் சொல் இல்லையா?" என்று கேட்டார். "நிறைய இருக்கிறது, அதுதான் பிரச்சினை" என்றேன். அவர் சிரித்தார். நான் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

வாழைக்கு என்றால் கன்று. தென்னைக்குப் பிள்ளை. பனைக்கு வடலி. மிளகாய்க்கு நாற்று. இங்கே எல்லாவற்றுக்கும் ஒரே சொல்தான், ஆனால் அதற்கும் ஒரு கறார் உண்டு. விதையிலிருந்து வந்தால்தான் சீட்லிங். குச்சி ஒடித்து நட்டதையும் கிழங்கிலிருந்து பக்கத்தில் கிளம்பியதையும் அப்படிச் சொன்னால் தோட்டக்காரர்கள் திருத்துவார்கள். அந்தக் கணக்கில் வாழைக்கன்று சீட்லிங் ஆகாது. கடைசியில் நான் நாற்று என்று எழுதிக் கொடுத்தேன். எங்கள் அப்பா கரிசல் காட்டில் மிளகாய் நாற்று பாவி விற்றவர். பிடுங்கி வேறு இடத்தில் நடுவதற்கென்றே வளர்ப்பதுதான் நாற்று. காப்பகத்துக்குப் பொருத்தமாகத்தான் இருந்தது.

முளைப்பாரி என்றும் எழுதியிருக்கலாம். விதை போட்டு, தண்ணீர் ஊற்றி, இளசாக எழுப்புகிற பயிர்தானே அதுவும். ஆனால் அந்தச் சொல்லை எழுத எனக்குக் கை வரவில்லை. இந்தப் பங்குனியோடு நான் இந்த நாட்டின் குடிமகளாகி ஒரு வருடம் ஆகிறது. இதே பங்குனியில் ஊரில் எங்கள் வீட்டு முளைப்பாரி ஓடு நின்றுபோனது. நிற்கக் காரணம் நான். என் அக்காவிடம் நான் சொன்ன பொய். அதை ஊர்க்காரர்கள் படிக்கும் இடத்தில் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

2

எங்கள் ஊர் ஏழாயிரம்பண்ணைக்குப் பக்கம். சுற்றிலும் பட்டாசுக் கம்பெனிகளும் காய்ந்த புஞ்சைகளும். காலையில் வேன் வந்து ஆட்களை ஏற்றிப் போகும், சாயங்காலம் கொண்டுவந்து விடும். அந்த வேன்களில் ஒன்றை ஓட்டியவர்தான் என் அக்கா மாரியம்மாளின் கணவர், எங்கள் அத்தான்.

ஊர் அம்மனுக்கு வைக்கும் பங்குனிப் பொங்கலுக்கு எட்டு நாள் முன்னால், செவ்வாய்க்கிழமை, முத்து பரப்புவார்கள். வீட்டுக்கு ஒரு மண் ஓடு. உடைந்த பானையின் அடிப்பாகம்தான் ஓடு. அதில் வைக்கோலும் பொடித்த சாணமும் போட்டு, பாசிப்பயறு, தட்டாம்பயறு, சோளம், கம்பு என்று ஊறவைத்த தானியங்களைத் தூவி, ஒரே வீட்டில் அடுக்கி, சன்னலையெல்லாம் சாக்கு வைத்து அடைத்துவிடுவார்கள். வெளிச்சம் படக் கூடாது. இருட்டில் வளர்ந்தால்தான் பயிர் வெளிறி, மஞ்சளாக, முழங்கை உயரத்துக்கு எழும்பும். இங்கே என் பிள்ளைகளோடு ஒரு முறை பஞ்சில் பயறு முளைக்கவைத்தோம். அலமாரிக்குள் வைத்த கிண்ணத்தில் வந்ததை, நோஞ்சான், வெளிச்சம் இல்லாமல் வீணாகப் போனது என்று உடன் வேலை செய்பவள் குப்பையில் கொட்டினாள். எங்கள் ஊராக இருந்தால் அதைத் தலையில் வைத்துக் குலவை போட்டிருப்போம்.

சின்ன வயதில் எனக்கு அதெல்லாம் பிடித்தது என்று சொன்னால் அது இன்னொரு பொய். அந்த வீட்டுக்குள் போனால் ஈரச் சாண நெடி மூச்சை அடைக்கும். எட்டு நாளும் சாயங்காலம் கும்மி கொட்டிக் கை வீங்கும். கல்யாணமாகி வெளிநாடு வந்தபோது, அப்பாடா, இனி அது இல்லை என்று நினைத்தவள்தான் நான். என் கணவர் சிவகாசியில் ஆப்செட் மிஷின் ஓட்டியவர். அந்தத் தொழிலுக்கு இங்கே ஆள் தேவைப்பட்டதால் வந்தோம்.

ஓட்டுக்கு ஒரு முறை உண்டு. அந்த வீட்டில் பிறந்த பெண்தான் அந்த வீட்டு ஓட்டைத் தூக்க வேண்டும். அம்மா போனபின் எங்கள் வீட்டில் மிச்சம் நாங்கள் இரண்டு பேர்தான். நான் வெளிநாடு வந்துவிட்டேன், அக்கா உள்ளூரிலேயே கட்டிக்கொடுக்கப்பட்டவள். அதனால் பதினான்கு வருடமாக அவளே தூக்கினாள். முத்து பரப்பும் அன்று எனக்கு போன் போட்டு, "லெச்சுமி, உம் பேரையும் சொல்லித்தான் போட்டிருக்கேன்" என்பாள். ஏழாம் நாள் மறுபடி போன். "நம்ம வீட்டுது அம்புட்டு ஒசரம் வந்திருக்கு. உனக்கு அங்கன ஒரு கொறையும் வராது" என்பாள். நான் வேலைக்கு அவசரமாகக் கிளம்பிக்கொண்டே "சரிக்கா, சரிக்கா" என்பேன்.

முத்து பரப்பிக் கதவைச் சாத்தியபின் புதிதாக ஒரு ஓட்டை உள்ளே கொண்டுபோகக் கூடாது. இது இன்னொரு முறை. இன்னும் ஒன்று இருக்கிறது. புருசன் இல்லாதவள் தலையில் முளைப்பாரி வைக்கக் கூடாது.

3

இரண்டு வருடத்துக்கு முன்னால், வைகாசியில், வேனை நிறுத்திவிட்டு டீ குடிக்க இறங்கிய அத்தான் அப்படியே சரிந்துவிட்டார். மாரடைப்பு. நான் போய்ச் சேர்ந்தபோது பதினாறாம் நாள் காரியம்கூட முடிந்திருந்தது.

அப்போது அக்கா அழுது முடித்திருந்தாள். நான் கிளம்புவதற்கு முந்தின நாள் என் பெட்டிக்குப் பக்கத்தில் உட்கார்ந்து சேலைகளை மடித்துக் கொடுத்தபடி சொன்னாள்.

"பங்குனிக்கு நீதான் வரணும் தாயி. நான் தொடக்கூடாதும்பாக. நம்ம வீட்டு ஓடு நின்னுட்டா, அப்பாவோட அந்த வீடு முடிஞ்சுபோச்சுன்னு ஆயிரும்."

"வர்றேன்க்கா. நான் வந்து தூக்குறேன்."

"பேச்சுக்குச் சொல்லாத."

"பேச்சுக்கு இல்லக்கா. டிக்கெட் போட்டுட்டு உனக்குப் போன் பண்றேன்."

மெல்பர்ன் திரும்பிய மாதமே டிக்கெட் போட்டேன். இதை ஏன் சொல்கிறேன் என்றால், நான் மனசறிந்து ஏமாற்றக் கிளம்பவில்லை என்பதை யாராவது ஒருவராவது நம்ப வேண்டும்.

மாசி மாதம் கவுன்சிலில், அதாவது இங்கத்து நகராட்சியில் இருந்து கடிதம் வந்தது. குடியுரிமை உறுதிமொழி விழா, புதன்கிழமை மாலை ஆறு மணி. நாட்காட்டியைப் பார்த்தேன். பங்குனிப் பொங்கலில் முளைப்பாரி தூக்கும் அதே புதன்கிழமை. சிவகாசியில் இருந்து மச்சினர் அனுப்பிய தினசரி காலண்டரில் அந்தத் தாளைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி கீழே விட்டேன்.

கடிதத்தின் கடைசிப் பத்தியில் தெளிவாக எழுதியிருந்தது. அந்த நாள் தோதுப்படாவிட்டால் தெரிவிக்கவும், வேறு நாள் தரப்படும். ஒரு மின்னஞ்சல் போதும். என் கணவர்கூட, "வேற நாள் கேட்டுப் பாரேன்" என்றார். நான் கேட்கவில்லை. பதினான்கு வருடம் விசாவுக்கு மேல் விசா, கைரேகை, மருத்துவச் சோதனை, என் பெயரில் இனிஷியல் எங்கே என்று கேட்டு வந்த கடிதங்கள். இந்த ஒரு நாள் முடிந்தால் எனக்கு யாரும் பாரம் அனுப்ப மாட்டார்கள் என்று தோன்றியது. அடுத்த தேதி எப்போது வருமோ, சட்டம் மாறிவிடுமோ என்று எனக்கு நானே பயம் காட்டிக்கொண்டேன். உள்ளே இருந்தது ஆசைதான். மேடையில் ஏற வேண்டும், பெயர் கூப்பிட வேண்டும், மகள் கை தட்ட வேண்டும்.

டிக்கெட்டை ரத்துசெய்தேன். அக்காவிடம் சொல்லும் தைரியம் மட்டும் இல்லை. முத்து பரப்பி இரண்டு நாள் ஆனபின்தான் போன் செய்தேன். முன்னாலேயே சொல்லியிருந்தால் அவள் அந்த வருடம் ஓடு போடாமலாவது இருந்திருப்பாள்.

"அக்கா, என் பாஸ்போர்ட்ட ஆபீஸ்ல வாங்கி வச்சிருக்காங்க. திருப்பித் தர நாளாகுமாம். வெளிய போக முடியாதுக்கா."

"கவர்மெண்டு புடிச்சு வச்சா நீ என்ன செய்வ? அழுவாத" என்றாள். நான் அழவே இல்லை. அவளுக்கு அப்படிக் கேட்டிருக்கிறது.

4

விழாவில் என் அப்பாவின் பெயரைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிட்டார்கள். இங்கே அது என் குடும்பப் பெயர். "முத்தையா" என்று மைக்கில் கேட்டதும் அப்பாவைக் கூப்பிடுகிறார்கள் என்று ஒரு நொடி திரும்பிப் பார்த்தேன். சான்றிதழைக் கையில் கொடுத்து, கூடவே ஒரு சின்னக் கறுப்புத் தொட்டியில் செடியும் கொடுத்தார்கள். பேங்க்சியா. ஆளுக்கு ஒன்று. தொட்டியில் குத்தியிருந்த அட்டையில் நேட்டிவ் சீட்லிங் என்று அச்சடித்திருந்தது. இந்த மண்ணுக்கே உரிய செடி என்று அர்த்தம். வாங்கிக்கொண்டு வரிசையில் நின்ற நாற்பது பேரில் ஒருவரும் இந்த மண்ணுக்கே உரியவர் இல்லை.

அப்போது என் மகள் நிவேதாவுக்குப் பதின்மூன்று வயது. அவள் தமிழ் எங்கள் வீட்டில் வருடத்துக்கு வருடம் தேய்கிறது. "பசிக்குது", "வேணாம்", "சும்மா இரு" மூன்றும் நன்றாக வரும். மற்றதற்கு ஆங்கிலத்துக்குப் போய்விடுவாள். பெரியம்மாவிடம் மட்டும் முயற்சி செய்வாள். அன்று நான் செடியோடு மேடையில் சிரித்துக்கொண்டு நின்றதைப் படம் எடுத்து, எனக்குத் தெரியாமல் அக்காவின் வாட்ஸ்அப்புக்கு அனுப்பி, கீழே குரலும் பதிந்திருக்கிறாள்.

"பெரியம்மா, அம்மாவுக்கும் இங்க முளைப்பாரி குடுத்தாங்க. பாருங்க!"

காரில் வரும்போதுதான் சொன்னாள். எவ்வளவு சந்தோசமாகச் சொன்னாள் தெரியுமா. ஒரு நல்ல தமிழ்ச் சொல்லைச் சரியான இடத்தில் போட்டுவிட்ட பெருமை அவளுக்கு. நான் காரின் கடிகாரத்தைப் பார்த்தேன். அப்போது ஊரில் மதியம் ஒரு மணி கடந்திருக்கும். நான்கு மணிக்குத் தூக்கி, ஊர்வலமாகப் போய்க் கண்மாய்த் தண்ணீரில் விடுவார்கள்.

அன்று ஊரில் என்ன நடந்தது என்பதை அக்கா மகன் கார்த்தி பிறகு சொன்னான். அவன் சிவகாசியில் ஒரு அச்சகத்தில் வேலை பார்க்கிறான், பொங்கலுக்கு வந்திருந்தான். எல்லா ஓடும் வெளியே போய், எங்கள் வீட்டு ஓடு மட்டும் அந்த இருட்டுக்குள் நின்றிருக்கிறது. ஓடுகளை அடுக்கி வைத்திருந்த வீட்டுக்காரி, முளைப்பாரி வீட்டு அத்தை, "உன் தங்கச்சி வரலியா? யாரு தூக்குறது?" என்று கேட்டிருக்கிறாள். அக்கா போனை எடுத்து என் படத்தைக் காட்டி, "அவ அங்கன கையில வாங்கிட்டா அத்தை, இந்தா பாருங்க. இத நான் கொண்டுபோயி கண்மாயில விட்டுட்டு வந்துருதேன்" என்றிருக்கிறாள். தலையில் வைக்கவில்லை. தண்ணீர்க் குடம் மாதிரி இடுப்பில் வைத்து, கூட்டத்துக்குப் பின்னால், குலவை போடும் பெண்களுக்கெல்லாம் கடைசியில் தனியாக நடந்திருக்கிறாள். இடுப்பில் வைத்ததால் ஊரில் யாரும் ஒன்றும் சொல்ல முடியவில்லை.

"அம்மா ஒருத்தர்கிட்டயும் பேசல சித்தி. தண்ணியில விட்டுட்டு நேரா வீட்டுக்கு வந்து படுத்துட்டாக" என்றான் கார்த்தி.

மறுநாள் நான் போன் செய்து, திடீரென்று கூப்பிட்டுவிட்டார்கள், எனக்கே தெரியாது என்று உளறினேன். "கவர்மெண்டுல கூப்பிட்டா போகத்தான செய்யணும்" என்றாள் அக்கா. பிறகு, "செடிய நல்லா பாத்துக்க. ஆத்தா முன்னாடி அதக் காட்டித்தான் நான் நம்ம வீட்டு ஓட்ட எடுத்தேன்" என்றாள்.

5

அந்தச் செடியை நான் எப்படிப் பார்த்துக்கொண்டேன் என்று கேளுங்கள். பின்கட்டில் நல்ல வெயில் விழும் இடமாகத் தேர்ந்தெடுத்து, குழி வெட்டி, இரண்டு கை கோழி எரு போட்டு நட்டேன். காலையும் மாலையும் தண்ணீர். வாரம் ஒரு முறை மறுபடி எரு. மிளகாய் நாற்றுக்கு அப்பா செய்ததையெல்லாம் செய்தேன். செய்யாத ஒரு நாள்கூட இல்லை. அக்கா எட்டு நாள் நோன்பிருந்து வளர்த்ததை நான் வாங்கிக்கொண்டு வந்துவிட்ட மாதிரி ஒரு குற்ற உணர்ச்சி, அதைத் தண்ணீரோடு சேர்த்து ஊற்றினேன்.

ஐந்தாவது வாரம் இலை ஓரம் கறுத்தது. இன்னும் பசிக்கிறது போல என்று இன்னும் ஒரு கை எரு போட்டேன். ஏழாவது வாரம் குச்சிதான் இருந்தது.

அதைப் பிடுங்கி ஒரு பையில் போட்டு செடிக்கடைக்குக் கொண்டுபோனேன். கடையில் இருந்த பெண் வேரை முகர்ந்து பார்த்துவிட்டு, "இதற்கு எரு போட்டீர்களா?" என்றாள். பேங்க்சியா சத்தில்லாத மண்ணிலேயே பழகிய வகையாம். கோழி எரு அதற்கு விஷம். அட்டையின் பின்பக்கம் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்களே என்றாள். நான் அட்டையின் முன்பக்கத்தை மட்டும்தான் படித்திருந்தேன். எங்கள் பக்கத்தில் ஒரு பயிருக்கு எரு போடாதே என்று சொன்னால் சொல்கிறவனை ஒரு மாதிரியாகப் பார்ப்பார்கள்.

அங்கேயே அதே வகையில், அதே உயரத்தில் இன்னொன்று வாங்கினேன். அதே குழியின் பழைய மண்ணை அள்ளி வெளியே கொட்டிவிட்டு, மணலும் செம்மண்ணும் கலந்து நிரப்பி நட்டேன். எருவைக் கண்ணில் காட்டவில்லை. அது பிடித்துக்கொண்டது. புதுத் துளிர் விட்ட அன்று படம் எடுத்து அக்காவுக்கு அனுப்பினேன். நிவேதா தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"அது புதுசுதானே? பழசு செத்துருச்சுன்னு பெரியம்மாகிட்ட சொல்லலியா?"

"சும்மா இரு" என்றேன். அவளுக்கு நன்றாகத் தெரிந்த மூன்று சொற்றொடர்களில் ஒன்று. அவள் தன் அறைக்குப் போய்விட்டாள்.

அதன் பிறகு ஒவ்வொரு ஞாயிற்றுக்கிழமையும் அக்கா போனில் முதலில் கேட்டது செடியைத்தான். எம்புட்டு ஒசரம் இருக்கு, மொட்டு வச்சிருக்கா. நானும் மாதம் ஒரு படம் அனுப்பினேன். முதல் படத்தை அனுப்ப அரை நாள் தயங்கினேன், நாலாவதை யோசிக்காமல் அனுப்பினேன். ஐந்தாறு மாதம் போனபோது, இதுதான் எனக்கு மேடையில் கொடுத்த செடி என்று நானே பாதி நம்பிவிட்டேன்.

அந்த இடைவெளியில் இந்திய பாஸ்போர்ட்டைத் தூதரகத்தில் ஒப்படைத்தேன். வேறு நாட்டுக் குடிமகளானால் ஒப்படைத்தே ஆக வேண்டும். ஆக, பாஸ்போர்ட்டை ஆபீஸில் வாங்கி வைத்திருக்கிறார்கள் என்று நான் சொன்ன பொய் சில மாதத்தில் உண்மையாகிவிட்டது. பொய்யைத் திருப்பி எடுக்க இருந்த ஒரு வழியும் எனக்கு வசதியாக அடைபட்டது.

6

இந்த வருடம் உண்மையிலேயே போயிருப்பேன். வெளிநாட்டுக் குடிமக்களாகிவிட்ட இந்தியர்கள் விசா இல்லாமல் ஊர் போய்வரத் தரும் ஓசிஐ அட்டைக்கு விண்ணப்பித்திருந்தேன். முதல் முறை புகைப்படத்தின் பின்னணி நிறம் சரியில்லை என்று திரும்பியது. இரண்டாவது முறை, ஒரு சான்றிதழில் லட்சுமி, இன்னொன்றில் லெட்சுமி, இரண்டும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பத்திரம் வேண்டும் என்றார்கள். தை போய் மாசியும் முடிந்துவிட்டது. அவசர விசா எடுக்கலாம் என்று என் கணவர் சொன்னார். அதற்கான பாரத்தைத் திறந்து பாதி நிரப்பிய நிலையில்தான் அக்காவின் போன் வந்தது. முத்து பரப்ப இரண்டு நாள் இருந்தது. ஞாயிற்றுக்கிழமை.

"வர்ற செவ்வா முத்து பரப்புதாக. இந்த வருசம் நம்ம வீட்டுக்கு ஓடு வேண்டாம்னு சொல்லிட்டேன்."

"ஏன்க்கா?"

"இடுப்புல வச்சு எத்தன வருசம் கொண்டு போறது? ஒளிச்சுத் திருடுன மாதிரி பின்னால போயிக்கிட்டு. நீதான் அங்கன ஒண்ணு வளக்குறியே. வருசம் தாண்டி நல்லா வேர் புடிச்சு நிக்கி. நம்ம வீட்டு ஓடு இனிமே அங்கன இருக்குன்னு நான் மனசத் தேத்திக்கிட்டேன். முளைப்பாரி வீட்டு அத்தைகிட்டயும் அதத்தான் சொன்னேன். அவுகளும் படத்தப் பாத்துட்டு, சரிதான்னு சொல்லிட்டாக."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும். அக்கா, அது கடையில் வாங்கிய செடி, ஆத்தா முன்னால் நீ காட்டியது செத்துப்போனது, நீ ஓடு போடு, நான் வருகிறேன் என்று. நாக்கு நுனி வரைக்கும் வந்தது. "சரிக்கா, உன் இஷ்டம்" என்று வைத்துவிட்டேன்.

திங்கட்கிழமை இரண்டு முறை போனை எடுத்து அவள் எண்ணைப் பார்த்துவிட்டுக் கீழே வைத்தேன். செவ்வாய்க்கிழமை காப்பகத்தில் ஒரு பிள்ளையை சாப்லிங்ஸ் அறைக்கு மாற்றினோம். என் காலைக் கட்டிக்கொண்டு அது விடவே இல்லை. அதைச் சமாதானப்படுத்தி விட்டுவிட்டு மணியைப் பார்த்தேன். ஊரில் அந்நேரம் ஓடுகளை உள்ளே அடுக்கிக்கொண்டிருப்பார்கள். அப்போது கூப்பிட்டிருந்தால்கூட நேரம் இருந்தது. கழிவறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். அழுதுவிட்டு முகம் கழுவி வந்து, பாரத்தில் அந்தப் பிள்ளை அழுத நிமிடங்களை வழக்கம் போலக் குறைத்து எழுதினேன். எழுதும்போதுதான் எனக்கு என் மேலேயே அருவருப்பு வந்தது. யாருக்கு என்ன நல்லது செய்கிறேன் என்று இப்படிக் குறைத்துக் குறைத்துச் சொல்லிக்கொண்டிருக்கிறேன்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, இங்கே நண்பகல், அங்கே விடிந்துகொண்டிருந்த நேரம், அக்காவைக் கூப்பிட்டேன். நிவேதா சாப்பாட்டு மேசையில் உட்கார்ந்திருந்தாள். அவளைப் போகச் சொல்லவில்லை.

"அக்கா, அந்தச் செடி செத்துப்போச்சுக்கா."

"ஐயோ. என்னைக்கு? போன மாசம் படத்துல நல்லாத்தான இருந்துச்சு?"

"அது வேற. குடுத்தது ரெண்டு மாசத்துக்குள்ளயே செத்துருச்சு. எருவ அள்ளிப் போட்டு நானே கொன்னுட்டேன். படத்துல இருக்கிறது கடையில வாங்குனது."

அந்தப் பக்கம் வாளி வைக்கும் சத்தம் கேட்டது. குழாயில் தண்ணீர் வரும் நாள் போல. நான் பேசிக்கொண்டே போனேன். சொல்லியிருக்கணும்க்கா, பயமா இருந்துச்சு, இந்த வருசம் ஓடு போடச் சொல்லுக்கா, எப்பிடியாச்சும் விசா எடுத்து வந்துருதேன், புதன்கிழமைக்கு இன்னும் மூணு நாள் இருக்கு.

"முத்து பரப்பி அஞ்சு நாளாச்சு லெச்சுமி" என்றாள் அக்கா. "கதவச் சாத்தியாச்சு. உனக்குத் தெரியாதா?"

தெரியும். தெரிந்துதான் கேட்டேன்.

திட்டுவாள் என்று காத்திருந்தேன். திட்டியிருந்தால் அழுது மன்னிப்புக் கேட்டிருப்பேன், அவளும் அழுதிருப்பாள், ஒரு வழியாக முடிந்திருக்கும். அவள் குரல் மாறவே இல்லை. செடியைப் பற்றி மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஒரு வருடமாக, ஐம்பது ஞாயிற்றுக்கிழமையாக, என்னிடம் கேட்காமல் வைத்திருந்த ஒன்றைத்தான் கேட்டாள்.

"போன வருசம், அந்த புதன்கெழம, உன் பாஸ்போர்ட்டு எங்கன இருந்துச்சு?"

நிவேதா என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"வீட்லதான்க்கா இருந்துச்சு. பீரோவுல."

"ம்" என்றாள் அக்கா. வாளி நிரம்பி வழியும் சத்தம் எனக்குக் கேட்டது. "தண்ணி வீணாப் போகுது. வைக்கேன்" என்று வைத்துவிட்டாள்.